வாழையைக் காத்த மருந்து: சூழல் நச்சும் பிள்ளைப்பேறும்

எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே, முன்பு அரிசி மண்டி இருந்த கட்டடத்தில் இப்போது கருத்தரிப்பு மையம் நடக்கிறது. சிரிக்கும் குழந்தையின் படம் போட்ட அதன் போர்டுக்குக் கீழே பஸ்ஸுக்காக நின்றபோதுதான் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தது. பிளாஸ்டிக் பாட்டிலும் மருந்தடித்த காய்கறியும்தான் இந்தத் தலைமுறையைப் பிள்ளையில்லாமல் செய்கின்றன என்று அது அடித்துச் சொன்னது. அனுப்பியவர் என் பெரியப்பா மகன். அன்று மாலை, உரக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் அதைக் காட்டினேன். "எங்கள் தாத்தா காலத்திலிருந்து மருந்தடிக்கிறோம். எனக்கு மூன்று பிள்ளைகள். போய் வேலையைப் பாருங்கள்" என்றார்.

இருவரும் தவறுகிற இடம் ஒன்றுதான். நஞ்சு என்றால் ஏதோ ஒரே பொருள் என்றும், பிள்ளைப்பேறு என்றால் உண்டு அல்லது இல்லை என்பதோடு முடிந்துவிடும் விஷயம் என்றும் இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நாள், உடலின் எந்தப் பருவத்தில் என்று கேட்காமல் இந்தப் பேச்சைப் பேசவே முடியாது. ரசாயனப் படிப்பு இல்லாதவர்களும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு சொற்கள்

சூழல் நச்சு என்று இங்கே நான் சொல்வது, நாம் இருக்கும் காற்று, தண்ணீர், மண், உணவு, வேலையிடம் ஆகியவற்றின் வழியே நாம் கேட்காமலே உடலுக்குள் வந்து தீங்கு செய்யும் பொருளை. பூச்சிமருந்தும் ஆலைக்கழிவும் மட்டுமல்ல, விறகடுப்புப் புகையும் நிலத்தடி நீரில் இயற்கையாகவே கரைந்திருக்கும் ஆர்செனிக்கும் இதில் சேரும். ஆலையில் செய்தது கெட்டது, இயற்கையானது நல்லது என்ற கணக்கு இந்த இடத்தில் செல்லாது.

இனப்பெருக்க நலம் என்பது கருத்தரிப்பதோடு முடிவதில்லை. பருவமடைதல், மாதவிடாய், விந்தணு, கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், பிறக்கும் குழந்தையின் எடை, உறுப்புகளின் அமைப்பு எல்லாம் அதில் அடங்கும். மூன்று பிள்ளை பெற்ற ஒருவருக்கும் அதில் ஏதோ ஒன்று பாதிக்கப்பட்டிருக்கலாம். 'மலடு' என்ற பழைய வசைச்சொல்லை வைத்துக்கொண்டு இதையெல்லாம் அளக்க முடியாது. அந்தச் சொல்லை நம் ஊரில் பெண்ணின் மீதுதான் முதலில் எறிவார்கள் என்பது வேறு. நான் எடுத்துக்கொள்ளப் போகும் முதல் கதை முழுக்க முழுக்க ஆண்களைப் பற்றியது.

மதிய உணவு மேசையில் தெரிந்த உண்மை

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் லாத்ரோப் என்ற ஊரில் ஆக்சிடென்டல் நிறுவனத்தின் ரசாயன ஆலை இருந்தது. அதன் பூச்சிமருந்துப் பிரிவில் வேலை பார்த்த ஆண்கள் 1970களில் மதியச் சாப்பாட்டு மேசையில் குடும்பக் கதை பேசியபோது ஒரு விஷயம் மெல்லப் புலப்பட்டது. அந்தப் பிரிவுக்கு வந்த பிறகு அவர்களில் பலருக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. யாருக்கும் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. தாடி மீசை குறையவில்லை, தாம்பத்தியத்திலும் குறையில்லை. தனித்தனியாக இருந்தவரை ஒவ்வொருவரும் அதைத் தன் வீட்டுக் கவலையாக மட்டுமே வைத்திருந்தார்கள். ஒரே மேசையில் கொட்டியபோதுதான் அது வேறு வடிவம் எடுத்தது.

1977இல் அவர்களுக்கு விந்துப் பரிசோதனை நடந்தது. பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. முடிவுகளை வேலைபார்த்த காலத்தோடு பொருத்திப் பார்த்தபோது படிக்கட்டுப்போல ஒரு வரிசை தெரிந்தது. ஒரு மில்லிலிட்டரில் நான்கு கோடிக்கு மேல் விந்தணு இருந்தவர்களில் யாரும் அங்கே மூன்று மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கவில்லை. பத்து லட்சமோ அதற்குக் கீழோ இருந்தவர்கள் எல்லோரும் குறைந்தது மூன்று ஆண்டு வேலை பார்த்தவர்கள்.

காரணமான பொருள் டைபுரோமோகுளோரோபுரோபேன், சுருக்கமாக டிபிசிபி. மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கொல்லும் மருந்து. 1950களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. டௌ, ஷெல் ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்கள் அதைத் தயாரித்தன. ஷெல்லின் சரக்குக்கு நெமகோன் என்று பெயர். திராட்சைக்கும் அன்னாசிக்கும் வாழைக்கும் அது பெரிதும் பயன்பட்டது.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறொன்று. டிபிசிபி எலிகளின் விரையைச் சுருங்கச் செய்கிறது என்ற ஆய்வு 1961இலேயே அச்சில் வந்துவிட்டது. அந்த ஆய்வு அந்த நிறுவனங்களுக்காகவே நடந்தது. மருந்தைக் கலந்து பீப்பாயில் நிரப்பியவர்களுக்கு மட்டும் பதினாறு ஆண்டுகள் கழித்து, அதுவும் தங்கள் சாப்பாட்டு மேசை வழியாக, செய்தி போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் 1977இலேயே கட்டுப்பாடுகள் தொடங்கின. 1979இல் ஹவாய் அன்னாசித் தோட்டம் தவிர மற்ற எல்லா இடத்திலும் பயன்பாடு நிறுத்தப்பட்டது. ஹவாய்க்குக் கொடுத்த விலக்கு 1985இல்தான் முடிவுக்கு வந்தது. ஆனால் லாத்ரோப் செய்தி வெளியான பிறகும் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. கோஸ்டாரிகா, நிகராகுவா, ஹோண்டுராஸ், பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் பல்லாண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள். நிகராகுவாவில் பாதிக்கப்பட்டவர்கள் சினண்டேகா பகுதியிலிருந்து தலைநகர் மனாகுவாவுக்கு நடந்தே போய் முகாமிட்டார்கள்.

கிழங்கு போனால் கன்று இல்லை

டிபிசிபி உள்ளே என்ன செய்தது என்பதை விளக்க வாழையையே துணைக்கு அழைக்கலாம். தாய்மரம் தார் ஈன்று சாய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை பக்கக்கன்று முளைத்துக்கொண்டே இருக்கும். காற்றில் இலை கிழிந்தால் அடுத்த இலை வரும். மரத்தையே வெட்டினாலும் கன்று வரும். கிழங்கு அழுகிவிட்டால் எதுவும் வராது.

ஆணின் விரையிலும் இப்படி ஒரு கிழங்கு உண்டு. விந்தணுக்களைப் பிறப்பிக்கும் மூலச்செல்கள் அவை. பருவமடைந்த நாளிலிருந்து முதுமைவரை பிரிந்து பிரிந்து புதிய விந்தணுக்களைத் தந்துகொண்டே இருக்கும். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். கடும் காய்ச்சலாலோ அடுப்படி வெக்கையாலோ வளர்ந்துகொண்டிருக்கும் விந்தணு கெட்டால், சில மாதத்தில் புதிய வரிசை வந்து நிரப்பிவிடும். அது இலை கிழிந்த கணக்கு. டிபிசிபி கிழங்கையே தாக்கியது. அதனால்தான் லாத்ரோப்பில் எண்ணிக்கை குறைந்திருந்தவர்களில் பலர் வேலையை விட்டபின் மீண்டார்கள், அறவே இல்லாமற் போனவர்களில் பெரும்பாலோர் மீளவில்லை.

தாடி மீசை ஏன் குறையவில்லை? ஆண்தன்மைக்கான டெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரப்பவை பக்கத்திலேயே இருக்கும் வேறு செல்கள். அவை பெரும்பாலும் தப்பிவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் ஆள் கல்லுப்போல இருப்பார். "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று சத்தியம் செய்வார். அவருக்குத் தெரிந்த அளவில் அது பொய்யும் இல்லை.

'வாழையடி வாழையாக' என்று மணமக்களை வாழ்த்துகிற மொழி நம்முடையது. வாழையின் வேரைக் காக்க வந்த மருந்து, வாழைத் தோட்டத் தொழிலாளியின் வம்சத்தை நிறுத்தியது.

இதுவரை சொன்னதன் சாரம் இதுதான். ஒரு நச்சு முளைத்து வருவதைத் தாக்கினால் உடல் மீளலாம், முளைக்க வைப்பதையே தாக்கினால் மீள்வது கடினம். வெளித்தோற்றத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பெண்ணின் குதிர்

பெண்ணுடலின் கணக்கு வேறு. அங்கே தினமும் முளைக்கிற கிழங்கு இல்லை, ஒரே ஒரு முறை நிரப்பி மூடிய குதிர் இருக்கிறது. பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பருவமடையும்போது அது மூன்று நான்கு லட்சமாகக் குறைந்திருக்கும். ஆயுளில் முதிர்ந்து வெளிவருவது 400 அளவில்தான். மிச்சமெல்லாம் தானாகவே கரைந்துபோகும்.

குதிரில் ஓட்டை விழுந்தால் நெல் சீக்கிரம் தீரும். இதற்கு நன்றாக நிறுவப்பட்ட உதாரணம் புகையிலைப் புகை. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக ஓரிரு ஆண்டு முன்னதாகவே நின்றுவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது காலம். மகளின் குதிர், அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே நிரம்பிவிடுகிறது. ஆக, கர்ப்பிணி ஒருத்தியின் உடலுக்குள் போகும் பொருள் அவளையும், அவள் மகளையும், அந்த மகளுக்குப் பிறகு பிறக்கவிருக்கும் பிள்ளைக்கான முட்டையையும் ஒரே நேரத்தில் தொடுகிறது.

பந்தியில் உட்காரும் அழையா விருந்தாளி

மேலே சொன்னவை நேரடித் தாக்குதல்கள். இன்னொரு வகை இன்னும் நுட்பமானது. அதற்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போவோம்.

ஹார்மோன் என்பது ஒரு சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலந்து, தொலைவில் இருக்கும் உறுப்புக்குச் செய்தி கொண்டுபோகும் பொருள். செய்தியை வாங்கிக்கொள்ள அந்த உறுப்பின் செல்களில் இருக்கும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். ஏற்பியைப் பந்தியில் போட்ட இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளியாகிய ஹார்மோன் வந்து உட்கார்ந்தால்தான் பரிமாறுவார்கள், காரியம் நடக்கும்.

பந்தியை மூன்று விதமாகக் குழப்பலாம். அழைக்காத ஆள் வந்து உட்கார்ந்து விருந்தாளியைப்போலவே சாப்பிட்டுப் போகலாம். அல்லது உட்கார்ந்து, சாப்பிடாமலும் எழாமலும் இடத்தை அடைத்துக்கொண்டு, உண்மையான விருந்தாளியை நிற்க வைக்கலாம். அல்லது பந்திப் பக்கமே வராமல், கொல்லையில் போய் அடுப்பை அணைத்துவிடலாம். ஹார்மோன் வேலையை இப்படிக் கெடுக்கும் பொருள்களை ஹார்மோன் குழப்பிகள் என்பார்கள்.

முதல் வகைக்குப் பெயர்பெற்றது டிஇஎஸ். இது சூழல் நச்சு இல்லை, மருந்து. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப்போல நடிக்கும் செயற்கைப் பொருள். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி 1940களிலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1971இல் அப்பெண்களின் மகள்களிடம், இளவயதில், அரிதான ஒரு பிறப்புறுப்புப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பிளாஸ்டிக் பற்றிய பேச்சில் அடிபடும் பிபிஏ இதே வகையில் மிகப் பலவீனமான நடிகர். இரண்டாம் வகைக்கு டிடிடி என்ற பூச்சிமருந்து சிதைந்து உண்டாகும் டிடிஇ. அது ஆண் ஹார்மோனின் இலையில் உட்கார்ந்து எழ மறுக்கும். மூன்றாம் வகைக்கு, பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்கச் செய்யச் சேர்க்கும் தாலேட்டுகளில் சில. கருவில் இருக்கும் ஆண் எலிக்குட்டியின் டெஸ்டோஸ்டீரோன் உற்பத்தியை அவை குறைக்கின்றன.

மூன்றாம் வகையை நினைவூட்டும் நிகழ்வு ஒன்று நமக்கு வெகு தொலைவில் நடக்கவில்லை. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில், பூச்சியைக் கட்டுப்படுத்த 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். செம்புறைக்கல் குன்றுகளின் உச்சியில் தோட்டம், சரிவில் வீடுகள். அங்கே மக்கள் குடிக்கும் தண்ணீர் திறந்த கிணற்றிலிருந்தும், குன்றைக் குடைந்து போகும் சுரங்கம் என்ற கிடைக்கிணற்றிலிருந்தும் வருகிறது. மேலே தெளித்தது மழையோடு எங்கே இறங்கியிருக்கும் என்பதற்குப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. தெளிப்பு 2000த்தோடு நின்றது.

குன்றடியில் இருந்த ஒரு கிராமத்தில் 10 முதல் 19 வயதுவரையிலான 117 பள்ளி மாணவர்களையும், தெளிப்பு நடக்காத ஊரைச் சேர்ந்த 90 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வெளியானது. தெளிப்பு நடந்த கிராமத்துப் பையன்களிடம் பருவ வளர்ச்சி அந்தந்த வயதுக்குப் பிந்தியிருந்தது. டெஸ்டோஸ்டீரோன் குறைவாகவும், அதைச் சுரக்கச் சொல்லி மூளையடியிலிருந்து வரும் கட்டளை ஹார்மோன் அதிகமாகவும் இருந்தன. பந்தியிலிருந்து "சோறு கொண்டுவா" என்று குரல் உயர்ந்துகொண்டே போக, சமையற்கட்டிலிருந்து வாளி வராத நிலைமை அது. சிறிய ஆய்வு, ஒரே கிராமம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதன் மீது விவாதங்கள் நடந்தன, நடக்க வேண்டியவையும்தான். 2011இல் உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை எண்டோசல்பானை விலக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றமும் இந்தியாவில் அதற்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாய் வழங்கச் சொன்ன உத்தரவு 2017இல் வந்தது.

சுருக்கிச் சொன்னால், சில நச்சுகள் செல்லைக் கொல்கின்றன, சில செய்தியைக் கெடுக்கின்றன. செய்தியைக் கெடுப்பவற்றுக்கு அதிக அளவு தேவைப்படாமலும் போகலாம், ஏனென்றால் ஹார்மோன்களே இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில்தான் வேலை செய்கின்றன.

ஈரச்சட்டியில் பட்ட விரல்

சுட்ட சட்டியை விரலால் எவ்வளவு அழுத்தினாலும் தடம் பதியாது. சக்கரத்திலிருந்து இறக்கிய ஈரச்சட்டியில் லேசாகப் பட்டாலே போதும், அந்தத் தடத்தோடுதான் அது சூளைக்குப் போகும். கருவில் இருக்கும் குழந்தை ஈரச்சட்டி. உறுப்புகள் உருவாகும் வாரங்களில் பெரியவர்களைத் தொந்தரவே செய்யாத அளவும் அதற்கு அதிகமாகிவிடும்.

இதை உலகம் கற்றுக்கொண்டது ஜப்பானின் மினமாட்டாவில். சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை கடலில் விட்ட கழிவில் மெத்தில் பாதரசம் என்ற பாதரசச் சேர்மம் இருந்தது. அது மீனில் சேர்ந்தது, மீன் தினசரி உணவாக இருந்த குடும்பங்களில் சேர்ந்தது. நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. பெரியவர்கள் தள்ளாடினார்கள், பேச்சுக் குழறியது. அதைவிட மருத்துவர்களைக் குழப்பியது, மீனே சாப்பிட்டிராத கைக்குழந்தைகள். தாய்க்குப் பெரிய அறிகுறி இல்லை, குழந்தைக்கோ கடுமையான மூளைப் பாதிப்பு. நஞ்சுக்கொடி நச்சை வடிகட்டி நிறுத்திவிடும் என்பதுதான் அன்றைய மருத்துவ நம்பிக்கை. தாய்க்கும் கருவுக்கும் இடையே உணவும் உயிர்வளியும் பரிமாறும் அந்த உறுப்புக்கு நம் மொழியில் இப்படி ஒரு பெயர் வாய்த்தது விநோதம்தான். மெத்தில் பாதரசம் அதை எளிதாகக் கடந்தது. தாயின் உடலிலிருந்து இறங்கி, குழந்தையிடம் சேர்ந்தது. 1962இல்தான் இது பிறவியிலேயே வரும் மினமாட்டா நோய் என்று ஏற்கப்பட்டது.

பிறகு அதற்கு அசைக்க முடியாத சாட்சி ஒன்று கிடைத்தது. குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானிய வழக்கம். மருத்துவர் ஹராதா மசாசுமி அந்த வீடுகளிலிருந்து அவற்றைக் கேட்டு வாங்கினார். சோதித்தபோது, எந்த ஆண்டுகளில் எவ்வளவு பாதரசம் கருவுக்குள் போயிற்று என்பதை அந்தக் காய்ந்த துண்டுகள் காட்டிக்கொடுத்தன. தொப்புள்கொடியைத் தாயத்துக்குள் அடைத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டிய ஊர்க்காரனுக்கு, அந்தப் பெட்டிகளைத் திறந்து கொடுத்த தாய்மார்களின் கைகளைக் கற்பனை செய்துகொள்வது கடினமில்லை.

வந்து போவதும் வந்து தங்குவதும்

வாட்ஸ்அப் செய்தியில் பிபிஏவும் ஈயமும் டிடிடியும் ஒரே மூச்சில் வந்தன. உடலுக்குள் அவற்றின் நடத்தை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. உள்ளே போன பொருளில் பாதி வெளியேற ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். பிபிஏவுக்கு அது சில மணி நேரம். இன்று குறைத்தால் நாளையே சிறுநீரில் குறைந்துவிடும். ஆனால் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தால், அடியில் ஓட்டையும் மேலே திறந்த குழாயும் உள்ள வாளியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்பதுபோல, அது இருந்துகொண்டே இருக்கும்.

டிடிஇ, மின்கருவி எண்ணெயில் பயன்பட்ட பிசிபி போன்றவை கொழுப்பில் புகுந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் தங்கும். தைவானில் 1979இல் சமையல் எண்ணெயில் பிசிபி கலந்துவிட்டது. எண்ணெயை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்து அந்தத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளிடமும் வளர்ச்சிக் குறைபாடுகள் தெரிந்தன.

ஈயத்தின் கதை எனக்கு இன்னும் வியப்பு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்தது, நஞ்சு காரீயம். சொம்பு செய்பவர் வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்துவிட்டால் மட்டுமே வம்பு. காரீயம் நமக்கு வரும் முக்கிய வழிகள் பழைய பெயின்ட், பழைய பாட்டரியை உடைத்து உருக்கும் பட்டறை, அங்கிருந்து வேலையுடுப்பில் வீட்டுக்கு வரும் தூசு ஆகியவை. உள்ளே போனதும் கால்சியத்தைப்போல வேடம் போட்டு எலும்பில் குடியேறும். இரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஒரு மாத அளவு, எலும்பிலோ பல பத்தாண்டுகள். பிறகு அந்தப் பெண் கர்ப்பமாகிறாள். குழந்தையின் எலும்புக்காக அவள் எலும்பு கால்சியத்தைக் கரைத்துக் கொடுக்கிறது, கூடவே சிறுவயதில் சேர்ந்த ஈயமும் கிளம்புகிறது. கர்ப்ப காலத்தில் மட்டும் பத்தியமாக இருந்தால் போதும் என்ற யோசனை இந்த இடத்தில் அடிபட்டுப்போகிறது. உணவில் போதிய கால்சியம் இருந்தால் எலும்பு கரைவது குறையும் என்பது சின்ன ஆறுதல்.

தாய்ப்பாலிலும் இவற்றில் சில வரும். அதைக் கேட்டுத் தாய்ப்பாலை நிறுத்த நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்படி நிறுத்தச் சொல்லி எந்தப் பொதுச் சுகாதார அமைப்பும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. பாலின் நன்மை மிகப் பெரியது.

ஐந்து மதிப்பெண் குறைந்த வகுப்பு

இனி உரக்கடை நண்பரின் வாதம். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்.

ஒரு வகுப்பில் 40 மாணவர்கள். தேர்ச்சிக்கு 35 வேண்டும். ஏதோ காரணத்தால் வகுப்பு முழுவதற்கும் ஐந்து மதிப்பெண் குறைகிறது. 95 வாங்குகிறவன் 90 வாங்குவான், யாரும் கவனிக்க மாட்டார்கள். 36ம் 38ம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் தோற்பார்கள். தோற்ற ஒவ்வொருவனுக்கும் சொந்தக் காரணம் ஒன்று இருக்கும்: படிக்கவில்லை, காய்ச்சல், கணக்கு வராது. ஆனால் தோற்றவர் எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் அந்த ஐந்து மதிப்பெண்.

சூழல் நச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஓர் ஊரைத் தொடுகிறது. விந்தணு எண்ணிக்கை தாராளமாக உள்ளவருக்குக் கொஞ்சம் குறைந்தாலும் மூன்று பிள்ளை பிறக்கும். விளிம்பில் இருந்தவர் தவறி விழுவார். நல்ல எடையோடு பிறக்கவிருந்த குழந்தை கொஞ்சம் எடை குறைந்து பிறந்தால் யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே இரத்தசோகையோடு இருக்கும் தாயின் குழந்தைக்கு அதே இழப்பு தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விடலாம். தெளிப்பவர், உருக்குபவர், ஆலையை ஒட்டிக் குடியிருப்பவர் பெரும்பாலும் விளிம்பில் இருப்பவர்களே என்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதே உதாரணம் என் பெரியப்பா மகனுக்கும் பதில் சொல்கிறது. தோற்ற ஒருவனைக் காட்டி, இவன் அந்த ஐந்து மதிப்பெண்ணால்தான் தோற்றான் என்று சொல்ல முடியாது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் கணக்கிட்டது. வயது, கருக்குழாய் அடைப்பு, தொற்று, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, விரையின் நாளப் புடைப்பு என்று காரணங்கள் நீளும். ஒரு தெருவில் ஒரே ஆண்டில் மூன்று கருச்சிதைவு நடந்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். உறுதிசெய்யப்பட்ட கருத்தரிப்புகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் எல்லா ஊரிலுமே கலைகின்றன என்பதால், மூன்று என்ற எண் தனியாக எதையும் நிறுவாது. பக்கத்து ஊரில் எத்தனை, முந்தைய ஆண்டுகளில் எத்தனை, அதிகம் பட்டவர்களிடம் அதிகமாகவும் குறைவாகப் பட்டவர்களிடம் குறைவாகவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லாத்ரோப்பில் அந்தப் படிக்கட்டு கண்முன்னே இருந்தது. பல ஊர்களில் யாரும் எண்ணியே பார்த்திருக்க மாட்டார்கள்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

கருத்தரிப்புக்காக மருத்துவரைப் பார்க்கும்போது, "என்ன வேலை?" என்ற கேள்விக்கு "விவசாயம்", "பட்டறை" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். எந்த மருந்தைத் தெளிக்கிறீர்கள், மாதத்தில் எத்தனை நாள், பாட்டரி உடைக்கிறீர்களா, பெயின்ட் சுரண்டுகிறீர்களா, வேலையுடுப்பை யார் துவைக்கிறார்கள் என்பதுவரை சொல்லலாம். பரிசோதனை மனைவியோடு நிற்காமல் கணவருக்கும் நடக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை, லாத்ரோப் சொல்லிவிட்டது. வேலையில் தொட்டது காரணமாக இருந்தால், அதிலிருந்து விலகி இரண்டரை மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. ஏன் அத்தனை மாதம் என்பது கிழங்குக் கதையில் இருக்கிறது.

தெளிப்பவர்களுக்கு இன்னொன்று. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பூச்சிமருந்து டப்பாவிலும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கில் ஒரு நிறத்தில் முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, பச்சை மிதமானதற்கும் கீழ் என்று பொருள். அந்த நிறம் எதை அளக்கிறது தெரியுமா? சோதனை விலங்குகளில் பாதியை உடனடியாகக் கொல்ல எவ்வளவு மருந்து தேவை என்பதை. கொஞ்சம் கொஞ்சமாகப் பத்தாண்டு உள்ளே போனால் விரைக்கு என்னாகும், கருவுக்கு என்னாகும் என்பது அந்த முக்கோணத்தின் கணக்கிலேயே இல்லை.

இதை உரக்கடை நண்பரிடம் சொன்னபோது அலமாரியிலிருந்து பச்சை முக்கோணம் போட்ட டப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உள்ளே மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தார். தெளிக்கும்போது கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை அணிய வேண்டும் என்ற வரியை விரல் வைத்து வாசித்தார்.

"கையுறை இருக்கிறதா கடையில்?" என்று கேட்டேன்.

"யாரும் கேட்பதில்லை. அதனால் வாங்கி வைப்பதில்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பையனைக் கூப்பிட்டு, மொத்த வியாபாரியின் நம்பரைத் தேடி எடுக்கச் சொன்னார்.